சுங்கைப்பட்டாணியில் ஓராண்டு வாடகை வாழ்க்கை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறைத் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்தபோது, பக்கத்திலிருக்கும் பட்டர்வொர்த்தில் வீடு பார்க்காமல், அண்டை மாநிலமான கெடாவின் சுங்கைப்பட்டாணியில் ஓர் ஒற்றை மாடி வரிசை வீட்டை மாதம் 750 ரிங்கிட்டுக்கு எடுத்தோம். மூன்று படுக்கையறைகளும் ஒரு கார் நிறுத்தும் அளவுக்கு முன்வாசலும் கொண்ட அந்த வீட்டில் ஓராண்டு குடியிருந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வாடகையைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மாத வைப்புத்தொகை, மின்சாரத்துக்கும் நீருக்குமாக அரை மாத முன்பணம், முதல் மாத வாடகை என 2,625 ரிங்கிட் கட்டிவிட்டுச் சாவியை வாங்கினோம். வீட்டு வாடகைக்கெனத் தனிச்சட்டம் இதுவரை இல்லாத நாட்டில் ஒப்பந்தத் தாள்தான் எல்லாம் என்பதால், எது பழுதானால் யார் சரிசெய்வது என்பதை வரிக்கு வரி படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். ஆயினும், நீதிமன்ற ஆணையின்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்று 1950ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7(2)ஆம் பிரிவு சொல்வதை, வாடகைக்குப் போகிறவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நீர்தான் இந்த வீட்டின் பெருங்குறை. கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக மூடா ஆறு பக்கத்திலேயே ஓடினாலும், எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பகல் நேரத்தில் குழாயைத் திறந்தால் அது பெருமூச்சுதான் விடும். நள்ளிரவைத் தாண்டிய பிறகே கூரைத் தொட்டியில் நீர் ஏறும் சத்தம் கேட்கும். அந்தத் தொட்டியோ நூறு கேலன் கொள்ளளவுதான், அதன் மிதவையும் துருப்பிடித்திருந்தது. குடிவந்த முதல் வாரமே அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, ராத்திரியே பிடிச்சு வச்சிடுங்க, காலையில காத்துதான் வரும்" என்றார். ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பால்மரம் சீவிப் பழகிய அவர், வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் விடிகாலை நான்கரைக்கே எழுந்துவிடுகிறார். அவர் வீட்டுப் பின்புறத்தில் மூன்று நீலப் பீப்பாய்கள் மூடி போட்டு வரிசையாக நிற்கும். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு நிற்கின்றன. வீட்டுக்காரரிடம் மிதவையை மாற்றச் சொல்லி நான்கு மாதம் அலைந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

போக்குவரத்தைப் பற்றிய என் கருத்து, வேலை எங்கே என்பதைப் பொறுத்து மாறும். பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வேலை என்றால் இந்த ஊர் தாராளமாகக் கட்டுப்படியாகும். நெடுஞ்சாலை இருக்கிறது, பல தொழிற்சாலைகள் தங்கள் பேருந்தையே அனுப்புகின்றன, பட்டர்வொர்த்துக்குக் கொமுட்டர் மின்ரயிலும் ஓடுகிறது. ஆனால் ரயில்களுக்கு இடையே இடைவெளி அதிகம் என்பதால், ஒன்றைத் தவறவிட்டால் நடைமேடையிலேயே ஒரு தூக்கம் போடலாம். பினாங்குத் தீவில் வேலை என்றால் கதை வேறு. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரை மாலை நெரிசலில் நாள்தோறும் கடக்கும் என் தம்பி, வாடகையில் மிச்சப்படுத்துவதைப் பெட்ரோலுக்கும் டோலுக்கும் கொடுத்துவிடுகிறான். 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் கிடையாது என்றாலும், மழைக்காலத்தில் அவ்வளவு தூரத்தை இருசக்கரத்தில் போகச் சொல்ல எனக்கு மனமில்லை.

பசியாற வாழையிலை உணவகங்களும், இரவுச் சந்தையும், வாசலில் நின்றால் தெரியும் ஜெராய் மலையும் இந்த வாடகைக்குள் சேர்த்தி என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது வாடகையைக் குறைக்கச் சொல்லவில்லை. இருநூறு கேலன் தொட்டி கேட்டேன். தொட்டி வந்து இறங்கிவிட்டது. கூரைக்கு ஏற்றும் ஆள் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருப்பதால், அதுவரை அது முன்வாசலில் குப்புறக் கிடக்கிறது, கார் சாலையோரத்தில் நிற்கிறது.