ரொக்கமா, யுபிஐயா, தானாகப் பிடித்துக்கொள்ள விடுவதா? எங்கள் வீட்டு பில் கணக்கு

எங்கள் வீட்டுச் செலவை மூன்று விதமாகவும் கட்டிப் பார்த்துவிட்டேன். கல்யாணமான புதிதில் எல்லாமே ரொக்கம்தான். அப்புறம் இரண்டு வருடம் போல, முடிந்ததையெல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருந்தோம். இப்போது பதினான்கு மாதமாக வேறு ஏற்பாடு: பில்லுக்கென்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, மாதம் ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் அதில் ஒரு தொகை போட்டுவிட்டு, அதிலிருந்து நானே ஒவ்வொரு பில்லையும் யுபிஐயில் கட்டுகிறேன். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் நாத்தனார் ஊமச்சிகுளம் பக்கம் வாடகை வீட்டில் புதுக்குடித்தனம் போட்டிருக்கிறாள். "மதினி, எதுல கட்டுனா நல்லது?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வசதி, நேரம் பற்றியெல்லாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வில்லாபுரத்திலிருந்து இபி அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்பதைவிட போனில் கட்டுவது சுலபம் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். கட்டணமும் பெரிய வித்தியாசமில்லை. யுபிஐயில் கட்டுகிறவரிடம் வங்கி தனியாகக் காசு வாங்குவதில்லை. சில செயலிகள் மொபைல் ரீசார்ஜுக்கு ஒன்றிரண்டு ரூபாய் சேர்த்துக்கொள்கின்றன, கட்டுவதற்கு முன் மொத்தத் தொகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் பெரிதாகப் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். கட்டிய பணம் வழியில் சிக்கிக்கொண்டால், அல்லது கட்டவே இல்லை என்று யாராவது சொன்னால், நம் கையில் என்ன இருக்கிறது? அந்தப் பணம் திரும்பி வருமா, எத்தனை நாளில் வரும்?

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், அதனால் இந்தக் கேள்வி எனக்குத் தினமும் வரும். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் பணம் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவார்கள். பச்சை டிக் போட்ட அந்தப் படத்தை நாங்கள் ரசீதாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குக் கீழே 12 இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், யுடிஆர் என்பார்கள். அந்த எண் எங்கள் வங்கி வரவில் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். இருந்தால் பணம் வந்துவிட்டது என்று பேரேட்டில் எழுதிவிடுவோம். இல்லாவிட்டால் படத்தில் எத்தனை டிக் இருந்தாலும் வரவில்லை. வீட்டு பில்லுக்கும் அதே கதைதான், அந்த எண்தான் நம்முடைய ரசீது.

முதலில் ரொக்கம். கேபிளுக்கு மாதாமாதம் ஒரு பையன் வந்து வாங்கிப் போவான், நம் அட்டையில் அவனே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதம் மழை, அவசரத்தில் நான் அட்டையை எடுத்து வரவில்லை, "அடுத்த தடவை போட்டுக்கலாம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த மாதம் வேறு ஆள் வந்தார், போன மாத பாக்கி நிற்கிறது என்றார். நான் கொடுத்தேன் என்கிறேன், அவர் நோட்டில் இல்லை என்கிறார், இருவரும் பொய் சொல்லவில்லை. கடைசியில் நான்தான் மறுபடி கட்டினேன். தொகை பெரிதில்லை, ஆனால் சமையலறை மேடையில் அந்த வெற்றுக் கட்டம் இருந்த அட்டையை வைத்துக்கொண்டு நான் நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்காக ரொக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. அண்ணா நகர் உழவர் சந்தைக்கு நான் இன்றும் ரொக்கத்தோடுதான் போகிறேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது, 1999 நவம்பரில் திறந்தது. க்யூஆர் அட்டை அங்கேயும் வந்துவிட்டது, ஆனால் கீரைக்கட்டுக்கு இருபது ரூபாய் கொடுக்கும்போது அந்த அம்மாவுக்கு அது கையில் காசாக இருந்தால்தான் திரும்பிப் போகும் பஸ்ஸுக்கும் டீக்கும் ஆகும். பூக்காரரிடமும் அப்படித்தான். சில இடத்தில் க்யூஆரை ஸ்கேன் செய்தால் பேரன் பெயரோ மருமகள் பெயரோ வரும், கேட்டுவிட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. நெல்பேட்டையில் மீன் வாங்கும்போது ஈரக்கையோடு போனை எடுக்கவே எனக்குப் பிடிக்காது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகைக் கரைப் பக்கம் சிக்னலை நம்பவே முடியாது. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ மணிக்கணக்கில் தடுமாறியதும் ஞாபகமிருக்கும். அதனால் வாரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒரு கவரில் போட்டுக் காய்கறி, பூ, மீனுக்கு வைத்துவிடுகிறேன். கவர் காலியானால் அந்த வாரச் செலவு முடிந்தது, அந்தக் கட்டுப்பாடு போனில் எனக்கு வருவதில்லை.

பத்து ரூபாய் நாணயத் தொல்லை ஒன்று பாக்கி. எல்லா வடிவத்துப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது, ஆனாலும் நம் பக்கத்தில் சில கடைகளில் அதை நீட்டினால் இன்னும் முகம் மாறுகிறது. டீ, பால், ஷேர் ஆட்டோ மாதிரி சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட் வைத்துக்கொண்டேன். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் எண் போடாமலே போகும், மொத்தம் 5,000 வரை ஏற்றி வைக்கலாம். பத்தும் இருபதுமாகப் பாஸ்புக் நிறைந்து வழியாது, ஏற்றிய தொகை மட்டும் ஒரு வரியாக வரும். ஆனால் போன் தொலைந்து, அதைத் திறக்கத் தெரிந்த ஆள் கையில் கிடைத்தால் பின் எண் கேட்காமலே செலவாகும் என்பதால் நான் ஐந்நூறுக்கு மேல் ஏற்றுவதில்லை.

அடுத்தது தானாகப் பிடித்துக்கொள்வது. இதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். வண்டிக் கடன் தவணை மாதம் ஐந்தாம் தேதி, சம்பளம் ஏழாம் தேதி. போன மாத மிச்சம் இருக்கும் என்கிற தைரியத்தில் விட்டிருந்தோம். ஒரு மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் போய், கணக்கில் சுமார் இருநூறு ரூபாய் குறைந்திருந்தது. தவணை திரும்பிவிட்டது. வங்கி 590 ரூபாய் பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு 500 போட்டது. இருநூறு ரூபாய் இல்லாததற்கு ஆயிரத்துத் தொண்ணூறு ரூபாய். இரண்டு இடத்திலும் பேசிப் பார்த்தேன். விதிப்படிதான் பிடித்திருக்கிறோம் என்றார்கள், அது உண்மையும்கூட, அதனால் அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. யுபிஐயிலோ கார்டிலோ தானாகப் பிடிக்கிற ஏற்பாடு செய்தால் 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்று விதி இருக்கிறது, 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமல் போகும் என்பதும் அதே விதியில்தான். தகவல் வரத்தான் செய்கிறது. நாளெல்லாம் கடையில் நிற்கிறவருக்கு, விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே அது கண்ணில் பட வேண்டுமே.

ஆனாலும் ஒன்றிரண்டை மட்டும் இன்னும் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். காப்பீட்டு பிரீமியம் தவறினால் பாலிசியே காலாவதியாகும், அதை மறதிக்கு விட முடியாது. வண்டித் தவணையை நாமாக மாற்ற வழியில்லை, ஆகவே அந்தக் கணக்கில் எப்போதும் ஒரு தவணை கூடுதலாகக் கிடக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். இபி, இணையம், கேஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிற இபி பில்லில் தொகை ஒரே மாதிரி இருக்காது. மே மாதத்து ஏசி எவ்வளவு இழுத்தது என்பதைப் பார்க்காமலே பணம் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடன் அட்டையைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது, வைத்துக்கொண்டதே இல்லை. என் தம்பி அதில்தான் எல்லாம் கட்டுகிறான், நாற்பது நாள் போல வட்டியில்லாமல் கிடைக்கிறது, தவறாகப் போன தொகையை மறுத்து எழுதினால் திருப்பித் தருகிறார்கள் என்கிறான். அது பெரிய வசதிதான். ஆனால் முழுத்தொகையும் கட்டாமல் விட்டால் வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேலும் போகிறது. எங்கள் வருமானத்தில் அந்த ஒரு மாதம் எப்படியும் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

இனி யுபிஐ. இதிலும் பணம் சிக்கும், சிக்கியிருக்கிறது. போன வருடம் இபி பில் 2,140 ரூபாய், மறுநாள் கடைசித் தேதி. இரவு ஒன்பது மணிக்குப் பின் எண்ணைப் போட்டேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பணம் எடுக்கப்பட்டது என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது, செயலியோ நிலுவையில் என்கிறது. வீட்டுக்காரர் "இன்னொரு தடவ போட்டுடு" என்றார். கடையில் இப்படிப் போட்டு இரண்டு தடவை போன தொகையைத் தேடித் திரிந்த அனுபவம் இருந்ததால் நான் போடவில்லை. காலையில் இபி இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தேன், வரவு ஏறவில்லை. நேரே கவுண்டருக்குப் போய் ரொக்கமாகக் கட்டிவிட்டேன். நான்காம் நாள் அந்த 2,140 என் கணக்குக்குத் திரும்பி வந்தது, பாஸ்புக்கில் அதே 12 இலக்க எண்ணோடு. நான் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை.

இதற்கு ஒரு விதி இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரிவதில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்டது. யுபிஐயில் நம் கணக்கில் பணம் குறைந்து எதிர்ப்பக்கம் ஏறாமல் போனால், தனிநபருக்கு அனுப்பியதாக இருந்தால் மறுநாளுக்குள், கடைக்கோ பில்லுக்கோ கட்டியதாக இருந்தால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு வங்கி தர வேண்டும், நாம் புகார் கொடுக்காவிட்டாலும்கூட. ரொக்கத்தில் எனக்கு அந்தக் காவல் இல்லை, தவணை திரும்பியபோதும் இல்லை. நான் யுபிஐ பக்கம் சாய்வதற்கு முழுக் காரணமும் இதுதான், வேகமோ கேஷ்பேக்கோ இல்லை.

அந்த இரவுக்கு அப்புறம் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். இபி ரீடிங் எடுத்ததிலிருந்து 20 நாள் அவகாசம் இருக்கிறதல்லவா, நான் பத்தாம் நாளுக்குள் கட்டிவிடுகிறேன். ஐந்து நாள் சிக்கினாலும் இன்னும் ஐந்து நாள் கையில் இருக்கும். வீட்டு வரியையும் அப்படித்தான், ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கின மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைக்கிறது, ரசீதையும் இணையத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

தனிக் கணக்கு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். சம்பளக் கணக்கிலிருந்தே கட்டினால், ஏதாவது தவறினால் மொத்தப் பணமும் அதே இடத்தில் மாட்டியிருக்கும். பில் கணக்கில் அந்த மாதத்துக்கான ஆறாயிரம் ஏழாயிரம்தான் இருக்கும். "இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று மோசடிக் குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருக்கிற காலத்தில் இது முக்கியம். (அப்படி ஏதாவது நடந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும், காத்திருக்கக்கூடாது.) இன்னொன்று, அந்தப் பாஸ்புக்கே வீட்டுக் கணக்கு நோட்டாகிவிடுகிறது, பிரித்தால் வருடம் முழுக்க பில் மட்டும்தான். குறைந்தபட்ச இருப்பு பற்றிய பயமும் இப்போது அவ்வளவாக இல்லை, ஸ்டேட் வங்கி 2020-லேயே சேமிப்புக் கணக்குக்கு அந்த அபராதத்தை எடுத்துவிட்டது.

அத்தையை மட்டும் நான் மாற்றப் பார்க்கவில்லை. அவர்களுடையது பட்டன் போன். அதிலும் கட்ட 2022-லிருந்து ஒரு வழி இருக்கிறது, ஒரு தடவை காட்டினேன், ஒவ்வொரு எண்ணாக அழுத்தி முடிப்பதற்குள் அவர்களுக்குக் கை நடுங்கியது. ஒரே ஒரு முறைதான் முயன்றோம், ஆகவே அது சரிப்படாது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மருந்து வாங்கவும் கோயிலுக்குப் போகவும் சுருக்குப்பையில் ரொக்கம் வைத்திருக்கிறார்கள், அது போதும் என்கிறார்கள்.

நாத்தனாருக்கு ஒன்று தனியாகச் சொன்னேன். இபி இணைப்பு எண்ணை யாரிடமும் கேட்டு எழுதாதே, வீட்டில் இருக்கிற அட்டையைப் பார்த்தே எழுது. மதுரை மண்டலத்துக்கு 05 என்று ஆரம்பிக்கும், அதற்கப்புறம் ஒரு எண் மாறினாலும் வேறு யாரோ வீட்டு பில்லைக் கட்டிவிடுவோம், அதற்கு அந்த ஐந்து நாள் விதி உதவாது, ஏனென்றால் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டுவதற்கு முன் திரையில் பெயர் வரும், வாடகை வீடு என்பதால் உன் பெயர் வராது, வீட்டுக்காரர் பெயர்தான் வரும், அவர் அப்பா பெயரில்கூட இருக்கலாம், கேட்டு வைத்துக்கொள் என்றேன். நேற்று அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். வீட்டுக்காரரின் தாத்தா பெயரில் இருக்கிறது இணைப்பு.