அரசா, தனியாரா, வீடா? குமரியில் டயாலிசிஸ் செய்ய எங்கே போவது

அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் என்று முடிவானபோது, தக்கலையில் எங்களைத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். ஏசி அறை, புது மிஷின், நல்ல பெயர் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். நான்கு வருடமாக அப்பாவோடு போய் வந்துகொண்டிருக்கிறேன். முதலில் தனியார், இப்போது அரசு மருத்துவமனை. மேல்புறத்தில் இருக்கும் அத்தை வீட்டிலேயே வயிறு வழியாகச் செய்துகொள்கிறார். மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பணத்தை முதலில் சொல்லிவிடலாம். தனியாரில் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் கொடுத்தோம். மாதம் எட்டு தடவை, அது போக ரத்தம் ஊற ஊசி, ஆட்டோ. அரசு மருத்துவமனையில் எங்களுக்குப் போக்குவரத்துதான் பெரிய செலவு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அந்த அட்டை செல்லும். இது தெரியாமல் நாங்கள் ஏழு மாதம் கைக்காசைக் கொடுத்தோம். நகையை அடகு வைக்கும் முன் அட்டையைப் பற்றி விசாரியுங்கள்.

வசதியில் தனியார்தான் மேல், அதில் சந்தேகம் இல்லை. நமக்குத் தோதான நேரம் கிடைக்கும், கூட ஒருவர் உட்காரலாம். அரசு இடத்தில் அவர்கள் தரும் ஷிப்ட்தான் நமக்கு.

ஆனால் அப்பாவின் உடம்பு எங்கே நன்றாக இருந்தது என்று கேட்டால் பேச்சு வேறு. நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. நாம் வாரம் முழுவதும் குடிப்பது 15 லிட்டர் வந்தால் அதிகம். நான்கு மணி நேர டயாலிசிஸில் சுமார் 120 லிட்டர் தண்ணீர், ஒரு மெல்லிய சவ்வுக்கு மறுபக்கம், நோயாளியின் ரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. ஆர்ஓ மட்டும் இருந்தால் போதாது. அதற்கு முன்னால் குளோரினைப் பிடித்து நிறுத்த கார்பன் தொட்டி வேண்டும், அதைத் தினமும் சோதித்துப் பார்க்க வேண்டும். குளோரமின் (தண்ணீரில் கலந்திருக்கும் ஒரு வகை குளோரின்) தப்பி உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். நாங்கள் முதலில் போன இடத்தில் இதைக் கேட்டபோது, 'அதெல்லாம் கம்பெனிக்காரங்க பாத்துக்கிடுவாங்க' என்றார்கள். இப்போது போகும் இடத்தில் டெக்னீஷியன் நோட்டை எடுத்துக் காட்டினார். அன்று காலையில் எடுத்த அளவு அதில் இருந்தது.

அடுத்தது, உடம்பில் தேங்கிய அதிகப்படி நீரை மிஷின் வழியாக இறக்குவது. தனியாரில் ஒருநாள், வேகமாக முடித்துத் தருகிறோம் என்று மூன்றரை மணி நேரத்தில் மூன்றரை லிட்டர் இறக்கினார்கள். பாதியிலேயே அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, பிரஷர் இறங்கி, வாந்தி எடுத்துவிட்டார். உடம்பு எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் போகக் கூடாது என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. 60 கிலோ இருக்கும் அப்பாவுக்கு நான்கு மணி நேரத்தில் 3 லிட்டரைத் தாண்டக் கூடாது. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மிஷினை நிறுத்தச் சொல்லியிருப்பேன். இப்போதைய இடத்தில் செருப்பைக் கழற்ற வைத்து, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எடை பார்க்கிறார்கள். டிரை வெயிட்டை, அதாவது அதிகப்படி நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, அப்பாவின் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். எடை கூடி வந்தால் சிஸ்டர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவார்: 'அப்பா, நேத்து கருவாட்டுக் குழம்பா?' உப்பு தின்றால் தாகம், தாகம் எடுத்தால் தண்ணீர். நம் ஊரில் மீன் குழம்பை விட்டுவிடச் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் உப்பைப் பாதியாக்கச் சொல்லித் தந்தார். இளநீருக்கும் நேந்திரம் பழத்துக்கும் மட்டும் கண்டிப்பாகத் தடை. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம்.

ஊசி குத்தும் கையும் முக்கியம். அந்த சிஸ்டர் மூன்று விரலை வைத்துப் பிஸ்டுலாவின் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய்) அதிர்வைப் பார்ப்பார். போன தடவை குத்திய தழும்பைத் தடவி, அதிலிருந்து விரலளவு தள்ளிக் குத்துவார். ஒரே இடத்தில் குத்தினால் நரம்பு உப்பிப் புடைத்துவிடும். முன்பு போன இடத்தில் மாதத்துக்கு ஒரு புது ஆள், அவசரத்துக்குப் பழைய இடத்திலேயே குத்துவார்கள். மறுபடி தனியாருக்கே போகலாமா என்று போன வருடம் கேட்டேன். 'வேண்டாம் மக்களே, அந்தப் பிள்ளையே குத்தட்டும்' என்றார் அப்பா.

எல்லாத் தனியாரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. நன்றாகப் பார்க்கும் இடங்களும் உண்டு, சுமாரான அரசு இடங்களும் இருக்கும். கட்டிடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டயலைசரை, அதாவது ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியை, கழுவித் திரும்ப உபயோகிக்கிறார்களா, அப்படியென்றால் அதன் கொள்ளளவு புதிதில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கி எறிகிறார்களா, மஞ்சள் காமாலை பி உள்ளவர்களுக்குத் தனி மிஷின் இருக்கிறதா, டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் யூரியா அளவு எடுத்து, குறைந்தது 65 சதவீதம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்களா... இதைக் கேட்கும்போது யார் முகம் சுளிக்கிறார்கள் என்பதே பாதி பதில்.

வீட்டு வழி அத்தைக்கு நன்றாக ஒத்துப்போகிறது. வயிற்றில் ஒரு குழாய், அதில் 2 லிட்டர் திரவம், சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதிது. ஒரு நாளைக்கு நான்கு தடவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மழையில் குழித்துறைப் பக்கம் ரோடு முங்கினாலும் அத்தைக்குக் கவலை இல்லை. பழம், கிழங்கு விஷயத்திலும் அவ்வளவு கெடுபிடி இல்லை. புரதம் வெளியே போய்விடுவதால் முட்டையும் மீனும் கூடுதலாகவே சாப்பிடச் சொல்கிறார்கள். ஆனால் கை சுத்தத்தில் ஒருநாள் தவறினாலும் வயிற்றில் கிருமி ஏறலாம். வடிக்கும் நீர் கலங்கி வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை ஏறும். அப்பாவுக்குக் கை நடுக்கம், பார்வையும் குறைவு. அதனால் எங்களுக்கு அது சரிப்படவில்லை.

களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தவர்களுக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் பக்கம். மாற்று சிறுநீரகத்துக்குப் பார்க்கிறவர்கள் அங்கே போகட்டும். ஆனால் டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு மூன்று தடவை அவ்வளவு தூரம் வண்டியில் உடம்பைப் போட்டு அலைக்க வேண்டாம், அதுவும் டயாலிசிஸ் முடிந்து தளர்ந்திருக்கும்போது.

எங்கே மாறினாலும் கடைசி மூன்று மாத ரத்தப் பரிசோதனை, டிரை வெயிட், மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி முடிவுகள், பிஸ்டுலா போட்ட தேதி எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக் கொண்டு போங்கள். பிஸ்டுலா இன்னும் போடவில்லை என்றால், டயாலிசிஸுக்காகக் கழுத்தில் தற்காலிகமாகப் போட்ட டியூபோடு நாளைக் கடத்தாமல் உடனே அதற்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அது பழுக்கவே ஆறேழு வாரம் ஆகும்.