நகைக்கடையில் ரொக்கம்: தடுப்பதா, தெரிவிப்பதா?

கணக்கில் வராத பணத்தைத் தங்கமாக மாற்ற வருபவரை நகைக்கடையிலேயே தடுக்க இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரொக்கமே வாங்கக் கூடாது என்பது ஒன்று. வாங்கலாம், ஆனால் கொடுப்பவர் யாரென்று உறுதிசெய்து அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இந்தியா பெரிதும் முதல் வழியையும், சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் இரண்டாவதையும் நம்புகின்றன.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல், ஒரே நபரிடமிருந்து ஒரு நாளிலோ ஒரே பரிவர்த்தனையிலோ 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. மீறினால் பெற்ற தொகை முழுவதும் அபராதமாகலாம். மறுபுறம், பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017 ஆகஸ்டில் நகைக்கடைகளைக் கொண்டுவந்த அறிவிக்கை, அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது. 2020 டிசம்பர் 28 அன்று மீண்டும் வந்த அறிவிக்கை, ஒரு வாடிக்கையாளருடன் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கப் பரிவர்த்தனை செய்யும் வணிகரை மட்டுமே வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது, சந்தேகத்தைத் தெரிவிப்பது போன்ற அச்சட்டத்தின் கடமைகளுக்கு உட்படுத்தியது.

இங்கேதான் எனக்குப் பெரிய குறை தெரிகிறது. 2 லட்சம் வரம்பை மதிக்கும் கடை, தொடர்புடைய சிறு பில்கள் சேர்ந்து 10 லட்சத்தைத் தொட்டாலன்றி, இந்தக் கடமைகளுக்குள் வருவதே இல்லை. கணவர் பெயரில் 1,95,000, மனைவி பெயரில் 1,95,000 என்று பில்லைப் பிரித்துப் போடச் சொல்பவரைச் சந்தேகித்தாலும், சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளின் அறிக்கைகளைப் பெறும் அரசு அமைப்பான நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அதைத் தெரிவிக்கும் கடமை அந்தக் கடைக்கு எழுவதில்லை. பழைய நகையைக் கொடுத்துத் தங்கக் கட்டியாக வாங்கிச் செல்பவர் ரொக்கத்தைத் தொடுவதே இல்லை.

சிங்கப்பூரில் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் வேறு இடத்தில் தொடங்குகிறது. விலையுயர்ந்த உலோக வணிகர் முதலில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ரொக்கம் வந்தால் வாங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையைத் தெரிவிக்கவோ எந்தத் தொகை வரம்பும் இல்லை. சிராங்கூன் சாலையில் உள்ள தமிழர் நகைக்கடைகளுக்கும் இதே விதிதான்.

ரொக்கத்தைத் தெரிவிக்க அமீரகம் வைத்துள்ள வரம்பு 55,000 திர்ஹாம். பணமோசடித் தடுப்புக்கு உலக நாடுகளுக்கான தரங்களை வகுக்கும் பன்னாட்டு நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF) குறிப்பிடும் 15,000 அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இது சமம். வாங்குவது நிறுவனமாக இருந்தால் வங்கிவழிப் பரிமாற்றத்தையும் அங்கே தெரிவிக்க வேண்டும். ரொக்கத்தை மட்டுமே ஆபத்தாகக் கருதும் பார்வையிலிருந்து இது ஒரு படி முன்னே நிற்கிறது. 2022 மார்ச்சில் அப்பணிக்குழுவின் சாம்பல் பட்டியலில் (குறைபாடுகளுக்காகக் கூடுதல் கண்காணிப்பில் வைக்கப்படும் நாடுகளின் பட்டியல்) சேர்க்கப்பட்ட அமீரகம், 2024 பிப்ரவரியில் அதிலிருந்து நீக்கப்பட்டது.

இரண்டு ஊழியர்கள் மட்டுமே உள்ள சிறு கடைக்குத் தடையே எளிது என்பதை மறுக்க முடியாது; அறிக்கை அனுப்பப் பயிற்சியும் நேரமும் வேண்டும். ஆனால் தடை ரொக்கத்தை மட்டுமே நிறுத்துகிறது, பணம் யாருடையது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. ஆகவே 2 லட்சம் தடையை வைத்துக்கொண்டே, தங்கக் கட்டி விற்கும் கடைகளுக்கும் பெரும் எடையில் பழைய நகை மாற்றும் கடைகளுக்கும் 10 லட்சம் ரொக்க நிபந்தனையை நீக்கி, சந்தேகத்தைத் தெரிவிக்கும் கடமையை நேரடியாகச் சுமத்துவதே சரியென்று கருதுகிறேன்.