ஜான் வில்லியம்ஸ் நாற்காலிக்கு யார்?

1996இல் வந்த 'இந்தியன்' படத்துக்கு இசை ஏ.ஆர். ரகுமான். 2024இல் 'இந்தியன் 2' வந்தபோது அந்த இடத்தில் அனிருத் இருந்தார். பாட்டுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ரகுமானை இழுக்காமல் யாரும் முடிக்கவில்லை. பெரியவர் எழுந்துபோன இடத்தில் உட்காருபவருக்கு நம் ஊரில் கிடைக்கும் முதல் மரியாதை இதுதான்.

ஹாலிவுட்டில் இந்தச் சங்கடம் இன்னும் பெரிது. 1932இல் பிறந்த ஜான் வில்லியம்ஸ், 'ஸ்டார் வார்ஸ்' மூலக் கதையின் 9 பாகங்களுக்கும் (1977 முதல் 2019 வரை) இசையமைத்தவர். 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் 5 படங்களும் அவருடையவை. 'ஜாஸ்', 'சூப்பர்மேன்', 'ஜுராசிக் பார்க்', 'ஹாரி பாட்டர்' எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டவரும் அவரே. 5 ஆஸ்கர் விருதுகள், 54 பரிந்துரைகள். இந்தப் படவரிசைகள் இன்னும் பல காலம் ஓடும். ஒருவரே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் சின்னதாக ஒரு கீபோர்டு வகுப்பு நடத்துகிறேன். அடுத்தவர் யார் என்ற சண்டை அங்கே வாரம் தவறாமல் நடக்கிறது. என் கட்சியைச் சொல்வதற்கு முன் எதை வைத்து அளக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

'ஸ்டார் வார்ஸ்' தொடக்க இசையை நம் கணக்கில் பாருங்கள். கீழ்ப் பஞ்சமத்தில் மூன்று தட்டு, அங்கிருந்து ஸட்ஜம், உடனே நடுப் பஞ்சமத்துக்கு ஒரு தாவல். பிறகு ம-க-ரி என்று விறுவிறுவென இறங்கி, எதிர்பாராமல் மேல் ஸட்ஜத்துக்கு எகிறும். எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்கள். பத்து வயதுப் பையன் நாலு தடவை கேட்டால் பிடித்துவிடுவான். 'ஜாஸ்' அதைவிடச் சிக்கனம்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டே கட்டைகள். அதை வைத்துக்கொண்டு 1975இல் உலகத்தையே கடலில் இறங்கப் பயப்பட வைத்தார்.

இப்படி மெட்டுக் கட்டுவது பாதி வேலைதான். 1980இல் 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடருக்கு ஒரு நடையிசை எழுதினார். 1999இல் அதே வேடரின் சிறுவயதுக் கதை வந்தபோது, கள்ளங்கபடமற்ற அந்தப் பையனுக்கு இனிமையான மெட்டு ஒன்று போட்டு, அது முடியும் இடத்தில் பழைய நடையிசையின் சாயலை மெதுவாக நுழைத்தார். பையன் என்ன ஆகப்போகிறான் என்பதைத் திரை சொல்வதற்கு முன்பே இசை சொல்லிவிடுகிறது. ஆக, பாடக்கூடிய மெட்டு வேண்டும்; படத்துக்குப் படம் அதை வளர்க்கவும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆள் அபூர்வம்.

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் மைக்கேல் ஜியாக்கினோ. 1997இலேயே 'ஜுராசிக் பார்க்' இரண்டாம் பாகத்தை ஒட்டி வந்த வீடியோ கேமுக்கு முழு வாத்தியக் குழுவை வைத்து இசையமைத்தவர். பிறகு 'ஜுராசிக் வேர்ல்டு' படங்கள் மூன்று (2015, 2018, 2022). 2016இல் 'ஸ்டார் வார்ஸ்' கிளைக்கதையான 'ரோக் ஒன்' படத்துக்கு ஏறக்குறைய நாலரை வாரத்தில் இசை எழுதி முடித்தார். வேகத்துக்கு முழு மதிப்பெண். ஆனால் அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: வில்லியம்ஸ் மெட்டு வரப்போகிறது என்று காது தயாராகும்போது இசை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. குருவுக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் பணிவு அதில் கொஞ்சம் அதிகம். அந்தப் பணிவு இல்லாத இடங்களில்தான் அவர் பெரிய ஆள். 'அப்' படத்தில் ஒரு தம்பதியின் வாழ்க்கை முழுவதையும் வசனமே இல்லாமல் சில நிமிடங்களில் கடக்கும் காட்சிக்கு ஒரே ஒரு வால்ட்ஸ் மெட்டை வைத்துக்கொண்டு அவர் செய்ததற்கு ஆஸ்கர் கொடுத்தது நியாயம்.

அவருக்கு நேர் எதிர் லுட்விக் யோரான்சன். 1984இல் ஸ்வீடனில் பிறந்தவர். 'பிளாக் பேந்தர்', 'ஓப்பன்ஹைமர்' இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கினார். 'பிளாக் பேந்தர்' படத்துக்காக செனகல் நாட்டுக்கே போய், அங்குள்ள பேசும் பறையைக் கொண்டுவந்தார். இடை சிறுத்த நம் உடுக்கைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் போல இருக்கும் வாத்தியம். 2019இல் 'ஸ்டார் வார்ஸ்' உலகத்தில் நடக்கும் 'தி மாண்டலோரியன்' தொடருக்கு வில்லியம்ஸின் எக்காளங்களை அப்படியே ஒதுக்கிவிட்டு, ரெக்கார்டர் என்னும் மரக்குழலில் அடிக்குரல் வகையை எடுத்து ஊதினார். இரண்டு சுரம் வந்ததுமே என் மாணவர்கள் தொடரின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். 1992இல் 'ரோஜா' வந்தபோது இளையராஜா போல இருக்கிறதா என்று பார்க்கவே தோன்றாதபடி ரகுமான் செய்த வேலை இதுதான். எனக்குள்ள தயக்கம் ஒன்று உண்டு. ஓசையை உருவாக்குவதில் இவர் மன்னர். ஆனால் பத்துப் பாத்திரங்களுக்குப் பத்து மெட்டுப் போட்டு, இரண்டரை மணி நேரம் அவற்றைப் பின்னிக்கொண்டே போகும் பழைய பாணியில் இவருக்கு மனம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பதே என் எண்ணம்.

அலெக்சாந்தர் தெப்லாவுக்குப் புதுச்சேரியில் தனி ஆதரவு இருக்கிறது. அவர் பிரெஞ்சுக்காரர் அல்லவா. என் வகுப்பில் ஒரு சொல்தா வீட்டுப் பேரன் இருக்கிறான். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். "மாஸ்டர், இரண்டு ஆஸ்கர் வாங்கியவரை விட்டுவிட்டு வேறு யாரைத் தேடுகிறீர்கள்?" என்று ஜூலை 14 கொடியேற்றத்துக்கு வந்தவன் போல நெஞ்சை நிமிர்த்திக் கேட்பான். 'ஹாரி பாட்டர்' கடைசி இரண்டு படங்களும், 2025இல் வந்த 'ஜுராசிக் வேர்ல்டு: ரீபர்த்' படமும் தெப்லா செய்தவை. எல்லாம் நேர்த்தி, எல்லாம் அளவு. வில்லியம்ஸிடம் இருக்கும் சிறுபிள்ளைத்தனமான குதூகலம்தான் குறைகிறது. 'ரோக் ஒன்' முதலில் இவர் கைக்குத்தான் போயிருந்தது என்பதும், மறுபடப்பிடிப்பால் நாள்கள் இடித்ததில் விலகினார் என்பதும் பேரனுக்குத் தீராத வருத்தம்.

என் ஓட்டு ஜான் பவலுக்கு. 2018இல் 'ஸ்டார் வார்ஸ்' நாயகன் ஹான் சோலோவின் இளமைக் கதையான 'சோலோ' படத்தில் ஹானின் மெட்டை மட்டும் வில்லியம்ஸ் எழுதிக் கொடுத்தார், மற்றதெல்லாம் பவல். மற்றவர்கள் அந்த மெட்டைப் பூஜை அறையில் வைத்திருப்பார்கள். இவர் அதைப் பிரித்து, துண்டுதுண்டாக்கி, வேகம் மாற்றி, தன் மெட்டுகளோடு கலந்துவிட்டார். ஹானின் தோழன் சூபாக்கா முதன்முறையாகத் துணை விமானியின் இருக்கையில் உட்காரும் துரத்தல் காட்சியைப் பாருங்கள். 1977, 1980 படங்களின் பழைய மெட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பாய்ந்து வருகின்றன, ஆனாலும் அந்த ஓட்டமும் தாளக்கட்டும் பவலுடையவை. அதே படத்தில் கொள்ளைக் கூட்டம் வரும்போது பல்கேரியப் பெண்களின் கூட்டுக்குரலை வைத்தார்; அந்த உலகத்தில் அதுவரை யாரும் கேட்காத ஓசை. இதற்கு முன்னும் பின்னுமாக 'ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்' மூன்று படங்களில் (2010, 2014, 2019) தன் சொந்த மெட்டுகளை வளர்த்துக் காட்டியிருக்கிறார். சிறுவன் முதன்முதலாக டிராகன் மேல் பறக்கும் இசையை நான் வகுப்பில் போட்டால் பிள்ளைகள் கட்டைகளை விட்டுவிட்டுக் கையை விரித்துக்கொள்கிறார்கள். 'சோலோ' வசூலில் சறுக்கியது. அதோடு சேர்த்து இசையையும் மறந்துவிட்டார்கள்.

மற்றவர்களை வேகமாகத் தாண்டுகிறேன். 'ஆண்டோர்' என்ற 'ஸ்டார் வார்ஸ்' தொடரில் நிக்கோலஸ் பிரிட்டெல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் தொடக்க இசையை மாற்றியது புத்திசாலித்தனம். பெரிய படவரிசைக்கு அவர் ஆசைப்படுவார் என்று தோன்றவில்லை. 2022இல் 'ஓபி-வான் கெனோபி' என்ற இன்னொரு 'ஸ்டார் வார்ஸ்' தொடரைச் செய்த நாட்டலி ஹோல்ட்டுக்குத் தலைப்பு மெட்டைப் போடும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அதையும் வில்லியம்ஸே எழுதினார். ஹோல்ட்டை எடைபோட இன்னொரு படம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

'ஸ்டார் வார்ஸ்' பவலிடம், அதன் ஓரத்துக் கதைகள் யோரான்சனிடம் என்று பங்கு பிரித்துவிடுவேன். டைனோசர்களைத் தெப்லாவே வைத்துக்கொள்ளட்டும், சொல்தா பேரனுக்கும் மனம் குளிரும். ஜியாக்கினோவுக்கு இதில் எதையும் கொடுக்க மாட்டேன். அவரிடம் யாரும் தொடாத புதுக் கதை ஒன்றைக் கொடுக்க வேண்டும். இந்தியானா ஜோன்ஸுக்கு வேறு ஆள் தேடவே வேண்டாம். ஹாரிசன் ஃபோர்டும் வில்லியம்ஸும் இல்லாமல் அந்தத் தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு படம் எடுப்பதாக இருந்தால், நான் டிக்கெட் வாங்கப் போவதில்லை.