எம்ஐடியா, அப்பாச்சி 2.0-ஆ?

நிரலைத் திறமூலமாக, அதாவது யாரும் பார்த்துப் பயன்படுத்தும்படி, வெளியிடும்போது அதற்குக் கொடுக்கும் உரிமங்கள் இவை. இரண்டுமே தாராளமானவை. எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், மூல நிரலை வெளியிடாத மூடிய மென்பொருளுக்குள்ளும் வைக்கலாம்.

எம்ஐடி மூன்றே பத்தி. பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் நகலோடு வைத்தால் போதும். ஆனால் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) என்ற பேச்சே அதில் இல்லை.

2004-இல் வந்த அப்பாச்சி 2.0 அந்த இடத்தில்தான் கெட்டி. பங்களிப்பவர் தன் பங்களிப்புக்குத் தேவையான பேட்டன்ட் உரிமையையும் சேர்த்தே தந்துவிடுகிறார். அந்த மென்பொருள் தன் பேட்டன்டை மீறுகிறது என்று ஒருவர் வழக்குப் போட்டால், அவருக்குக் கிடைத்த பேட்டன்ட் உரிமை அன்றோடு போச்சு. அப்புறம், மாற்றிய கோப்புகளில் மாற்றியதைக் குறிக்க வேண்டும்; யாருடைய படைப்பு என்பது போன்ற குறிப்புகள் கொண்ட நோட்டீஸ் (NOTICE) கோப்பு இருந்தால் அதிலுள்ள அறிவிப்புகளும் கூடவே போக வேண்டும்.

சரி, சிக்கல் எங்கே? ஜிபிஎல் என்பது, நிரலைச் சேர்த்து வெளியிடும் மொத்தமும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் இன்னொரு உரிமம். அதன் இரண்டாம் பதிப்பான ஜிபிஎல் 2, தன்னிடம் இல்லாத கூடுதல் கட்டுப்பாட்டை ஏற்காது. அப்பாச்சியின் பேட்டன்ட் நிபந்தனை அப்படிப்பட்டதுதான் என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 'ஜிபிஎல் 2 மட்டும்' என்ற உரிமத்தில் இருப்பதால், அப்பாச்சி உரிமம் மட்டுமே கொண்ட நிரலை அதில் சேர்க்க முடியாது. எம்ஐடி நிரல் தடையின்றி நுழையும். 2007-இல் வந்த ஜிபிஎல் 3 அப்பாச்சியை ஏற்கிறது. 'ஜிபிஎல் 2 அல்லது பிந்தைய பதிப்பு' என்றிருந்தாலும், 3-ஐத் தேர்ந்து இணைத்துவிடலாம். இது ஒருவழிப் பாதை: சேர்ந்த மொத்தமும் ஜிபிஎல் 3-இன் கீழ்தான் வெளிவரும்.

நிறுவனங்கள் பங்களிக்கும் திட்டமென்றால் என் ஓட்டு அப்பாச்சிக்கு. நூறு வரி நிரல் நூலகத்துக்கு எம்ஐடியே போதும். முடிவெடுக்க முடியவில்லையா? ரஸ்ட் என்ற நிரல்மொழிக்காரர்கள்போல 'எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0' என்று இரண்டையும் கொடுத்துவிடுங்கள். பயன்படுத்துபவர் தனக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்வார்.