ஒரு குருதி அறிக்கையும் நான்கு வாசல்களும்

கடந்த மாதம் உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகருக்குப் போய்க் கொடுத்த இரத்தப் பரிசோதனையின் அறிக்கை, மாலையே கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. எம்.சி.வி. என்ற வரியில் 74 என்ற எண்ணும், குறைவு என்பதைக் குறிக்கும் தடித்த ‘எல்’ எழுத்தும் இருந்தன. வைத்தியரைக் காண இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் இதே எண்ணை நான்கு இடங்களில் கேட்டுப் பார்த்தேன். எது விளங்க வைத்தது, எது தூக்கத்தைக் கெடுத்தது என்று இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலாவது கூகிள். எம்.சி.வி. என்பது செங்குருதிக் கலங்களின் சராசரிப் பருமன் என்பதும், பெரியவர்களுக்கு அது வழமையாக 80 முதல் 100 வரை இருக்கும் என்பதும், இரும்புச் சத்துக் குறைவும், பெற்றோரிடமிருந்து வரும் குருதிக் குறைபாடான தலசீமியாவின் மரபுக் கூறும் அது குறைவதற்கான முக்கிய காரணங்கள் என்பதும் முதல் தேடலிலேயே கிடைத்துவிட்டன. அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த தேடலில் ‘களைப்பு’ என்ற சொல்லைச் சேர்த்தேன், அதற்கடுத்ததில் ‘எடை குறைதல்’ என்பதையும் சேர்த்தேன். இரவு ஒரு மணிக்குக் குடற் புற்றுநோய் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என் எடை குறையவேயில்லை. 2009இல் மைக்ரோசொப்ட் ஆய்வாளர்களான ரையன் வைட், எரிக் ஹோர்விட்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்தச் சறுக்கலைத்தான் விவரிக்கிறது: தலைவலி என்று தேடியபோது கோப்பியை நிறுத்தியதால் வரும் வலியும் மூளைக் கட்டியும் ஏறத்தாழ ஒரே அளவில் முடிவுகளில் வந்தன. முன்னது சர்வசாதாரணம், பின்னது மிக அரிது. தேடுபொறி நாம் கொடுத்த சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்களை எடுத்துத் தருகிறதே தவிர, எந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்பதை வைத்து அவற்றை அடுக்குவதில்லை.

இரண்டாவது, பொது நிறுவனங்களின் பக்கங்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்தும் மெட்லைன்பிளஸ், பிரித்தானியாவின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸின் இணையத்தளம் ஆகியவற்றை வாசித்தேன். சுவை கிடையாது, ஆனால் அந்தச் சுவையின்மை எனக்கு நல்லதாகவே இருந்தது. பரிசோதனை எதை அளக்கிறது, அடுத்து எதைப் பார்ப்பார்கள், எந்த நிலையில் வைத்தியரிடம் போக வேண்டும் என்பவற்றை அவை சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. ‘வழமையான வீச்சு’ என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 வீதத்தினரின் அளவுகளை வைத்து வரையப்படுவதால், நோயில்லாத ஒருவருக்கும் இருபது அளவுகளில் ஒன்று கோட்டைத் தாண்டி நிற்பது வியப்பில்லை. அறிக்கையில் ஒரு ‘எல்’ கண்டு கலங்குகிறவர்கள் முதலில் அறிய வேண்டியது இதைத்தான். குறை என்னவென்றால், இவை ஆங்கிலத்தில் உள்ளன; அவசரத்துக்கு 999ஐ அழைக்கச் என்.எச்.எஸ். சொல்வது பிரித்தானியாவுக்குரியது. இங்கே அம்புலன்ஸ் சேவைக்கு 1990. சுகாதார அமைச்சின் தகவல் இலக்கமோ 1999. பதற்றத்தில் இம்மூன்றும் குழம்புவதற்கு நிறையவே வாய்ப்புண்டு.

மூன்றாவது, தமிழ்க் காணொளிகளும் வட்ஸ்அப் குரற்பதிவுகளும். ‘இரத்தம் ஊற’ பீற்றூட் சாறும் இரும்பு மாத்திரையும் என்றன அவை. தலசீமியா மரபுக் கூறு உள்ளவருக்கு இரும்புக் குறைபாடு இல்லாதபோது அந்த மாத்திரையால் பயனில்லை, நீண்டகாலம் விழுங்கினால் தீங்கும் உண்டு. நம் மொழியில் பேசுகின்றன என்பதற்கு மேல் இவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நான்காவது, செயற்கை நுண்ணறிவு உரையாடல். தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் வருகிறது. ‘இது புற்றுநோயா?’ என்று கேட்டபோது பதில் முழுவதும் புற்றுநோயைச் சுற்றியே வந்தது. வயதையும் அறிக்கையின் மற்ற எண்களையும் கொடுத்து, ‘வைத்தியரிடம் எதைக் கேட்க வேண்டும்?’ என்று மாற்றியபோது, உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையையும் பழைய அறிக்கைகளையும் பற்றிக் கேட்கச் சொன்னது. கேள்வி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே பதிலும் சாய்வதால், என் தரவரிசையில் இது நிறுவனப் பக்கங்களுக்குக் கீழேதான், ஆனால் நள்ளிரவுத் தேடலுக்கு மேலே.

பயத்தைக் குறைப்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இந்த ஒப்பீடு பிழையாகிவிடும். 2017இல் கிண்ணியாவையும் திருகோணமலையையும் டெங்கு உலுக்கியதை மறக்காதவர்களுக்கு இது தெரியும்: காய்ச்சல் தணியும் நேரமே டெங்கின் ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரமாக இருக்கலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தக் கசிவு, அசாதாரணச் சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எதையும் தேடிக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ‘காய்ச்சல் விட்டதுதானே’ என்று ஆறுதல் சொல்லும் பக்கத்தைவிட, இந்த இடத்தில் பயமுறுத்தும் பக்கமே நல்ல பக்கம். நிறுவனப் பக்கங்களை நான் முதலில் வைப்பதற்கு, அவை பயத்தை உரிய இடத்தில் வைப்பதும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள் வைத்தியர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “முந்தின ரிப்போட் ஏதும் இருக்கோ?” என்று கேட்டார். அலுமாரியில் கிடந்த பழைய கிளினிக் கொப்பியைக் கொண்டுபோயிருந்தேன். அதில் 2019ஆம் ஆண்டுத் துண்டில் எம்.சி.வி. 75, அப்போதும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆறுதலாகச் செய்தால் போதும் என்று பெரிட்டினுக்கு எழுதித் தந்தார்; அந்தத் துண்டையும் அதே கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.