தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: ஏ.கே.ஜி. விட்டுச்சென்ற உணவகம்

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், பேருந்து நிலையத்தின் அருகே செந்நிற உருளையாக எழுந்து நிற்கும் செங்கல் கட்டடமே தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இக்கட்டடத்தில் தனித்தனி மாடிகள் கிடையாது. நுழைந்ததும் தொடங்கும் சரிவுப்பாதை சுற்றிச் சுற்றி மேலேற, வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டுள்ளன. சுவரில் செங்கற்களுக்கிடையே விடப்பட்ட துளைகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்ச்சுற்றிலேயே இடம் பிடித்துக்கொள்ளலாம்.

மசால் தோசையைப் பிட்டால் உள்ளே மஞ்சள் உருளைக்கிழங்குக்குப் பதிலாகப் பீட்ரூட் கலந்த சிவந்த மசாலா எட்டிப்பார்க்கும். நம் ஊர் நாக்குக்கு அதன் இலேசான இனிப்பு முதலில் அந்நியமாகப் பட்டாலும், இரண்டாவது வாய்க்குள் பழகிவிடும். தக்காளி சாஸுடன் வரும் கட்லெட்டிலும் அதே பீட்ரூட்தான். என் கணக்கில் தோசையை விட அதுவே மேல். காப்பியில் கும்பகோணம் டிகிரி காப்பியின் அடர்த்தியைத் தேட வேண்டாம். விலை நியாயமானது.

விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளைச் சீருடையும் அணிந்து பரிமாறுபவர்கள், பழைய துரைமார் கால உணவகத்தின் சிப்பந்திகளைப் போலத் தோன்றினாலும், இந்நிறுவனத்தை நடத்துவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அதற்குக் காரணமானவர் ஏ.கே.ஜி. என்று கேரளம் அழைக்கும் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன். 1904இல் பிறந்து, ஆசிரியர் வேலையை உதறிவிட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, மலபாரில் தொழிலாளர் சங்கங்களைக் கட்டியவர் அவர். 1936இல் கண்ணூரிலிருந்து சென்னை வரை பட்டினி ஊர்வலத்தை நடத்திச் சென்றார். 1941இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பினார். விசாரணையின்றிச் சிறைவைக்கும் தடுப்புக் காவலை எதிர்த்து அவர் தொடுத்த 1950ஆம் ஆண்டு வழக்கைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர். 1952 முதல் 1977 வரை மக்களவையில் இருந்தார். அந்த ஆண்டே மறைந்தார்.

ஐம்பதுகளில் அரசின் காப்பி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, வழக்கமான சங்கத் தலைவர் வேலையைத் திருப்பிக் கேட்பதோடு நின்றிருப்பார். ஏ.கே.ஜி.யோ, கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடையை நீங்களே நடத்துங்கள் என்று அவர்களைத் திருப்பிவிட்டார். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு டெல்லியில் முதல் கடை திறந்தது. கேரளத்தில் 1958 மார்ச்சில் திருச்சூர் முந்திக்கொண்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஒருவர் தொழிலாளர்களை முதலாளிகளாக்கினார் என்று கேலி பேசுவோர் பேசட்டும். அவருடைய தேர்தல் வெற்றிகளை விட இந்த ஏற்பாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் அவர் மறைந்து அரை நூற்றாண்டு நெருங்கும் இந்நாளிலும் அது சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ரயிலுக்கு நேரம் இருந்தால் மேல்சுற்று வரை ஏறி உட்காருங்கள். கட்லெட்டை மட்டும் உட்கார்ந்தவுடனேயே சொல்லிவிடுங்கள்.